பந்துக்கு வலிக்காம ஆடுன குடும்பம்

பேராண்டி, ஒன் டென்னிஸ் மட்டையோட வெலையை ஒங்கப்பன்ட்ட கேட்டேன். சொன்னான். கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரல. சரி, போகட்டும், மட்டை நல்லாத்தான் இருக்கு. அதைப் பிடிச்சிருக்கிற கையைப் பத்தித்தான் இப்பப் பேச்சு.

பந்தை அடிக்கும்போது ஒரு சத்தம் போடுற பாரு, முந்தாநாள் கெழக்குத் தெருப் பொம்பளைக என்னமோ ஏதோன்னு வெளக்கமாத்தோட ஓடியாந்துட்டாக. கேட்டா, டிவியில அந்த ஸ்பெயின்காரன் கத்துறானே தாத்தாங்கிற. அவன் கத்திட்டுக் கோட்டுக்குள்ள போடுறான்டா. நீ கத்திட்டு மாந்தோப்புக்குள்ள போடுற. தோப்புக் காவக்காரன் நேத்து ஒரு பை நெறைய மஞ்சப் பந்தைக் கொண்டாந்து குடுத்துட்டு, "இந்த வருசம் காய்ப்பு நல்லாருக்கு பெரியவரே"ன்னு சொல்லிட்டுப் போறான்.

நம்ம பொட்டிபுரத்துக்கு ஊர் ஒலகத்துல பேர் வந்ததே எதனால? அம்பரப்பர் மலையைக் குடைஞ்சு நியூட்ரினோ பிடிக்கப் போறோம்னு வந்தாகளே, அதனால. எதுலயும் படாம, எதையும் தொடாம, மலையையே ஊடுருவிப் போயிருமாம் அது. அதைப் பிடிக்கிறதுக்கு 2015-ல மத்திய சர்க்கார் ஒதுக்குனது சுமார் 1500 கோடி. மலை போயிரும், தண்ணி போயிரும்னு ஊரே எந்திரிச்சு நின்னுச்சு. பெறகு மாநில சர்க்காரும் வேணாம்னுருச்சு. அந்தக் குகை இருந்திருந்தா ஒன் சர்வையாச்சும் பிடிச்சிருக்கலாம். அதுவும் அப்படித்தான், வலையத் தொடாது, கோட்டைத் தொடாது, எதிராளி மட்டையையும் தொடாது.

சிரிக்காத. இப்ப நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லு. ரமேஷ் கிருஷ்ணனைத் தெரியுமா ஒனக்கு? "யாரு தாத்தா, போடியில இருக்கிற பல் டாக்டரா?"ன்னு கேட்டியே, அன்னைக்கே ஒன்னைத் தூக்கி கொட்டகுடி ஆத்துல போட்டிருக்கணும். ஆத்துல தண்ணி இல்லாததால தப்பிச்ச.

அவுக குடும்பம் தெக்க, நம்ம மலைத்தொடர் பிடிச்சே போனா வர்ற தென்காசிப் பக்கம். தாத்தா டி. கே. ராமநாதன் நல்ல ஆட்டக்காரரு. மகன் ராமநாதன் கிருஷ்ணன் 1937-ல நாகர்கோயில்ல பொறந்தவரு. மகனுக்கு மொத வாத்தியாரு அப்பாதான். அவரு மகன் ரமேசு, 1961-ல மெட்ராஸ்ல பொறந்தது. அப்பா 1954-ல விம்பிள்டன் சிறுவர் பட்டம் வாங்குனாரு. ஆசியாவுலருந்து போயி அதை வாங்குன மொத ஆளு. இருவத்தஞ்சு வருசம் கழிச்சு 1979-ல மகன் அதே பட்டத்தையும் வாங்கி, கூடவே பிரெஞ்சு சிறுவர் பட்டத்தையும் வாங்கிட்டு வந்தாரு. ஒங்கப்பனும் நானும் சேந்து வாங்குனதுன்னா ரேசன் கார்டு ஒண்ணுதான்.

இந்தக் கதையெல்லாம் இந்தக் கெழவனுக்கு எப்படித் தெரியும்னு பாக்கிற. மலை மேல ஒரு எஸ்டேட் பங்களாவுல, பொடியனா இருந்தப்ப, நான் பந்து பொறுக்கிப் போட்டவன்டா. தொரைமாருக வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு சாயங்காலம் ஆடுவாக. அவுகள்ல பாதிப் பேருக்கு ஒன் ஆட்டந்தான். பந்து பொறுக்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு, எவன் எங்க அடிக்கப் போறான்னு ஆடுறவனுக்கு முன்னாடி அவனுக்குத் தெரிஞ்சாகணும். இல்லாட்டி மண்டையில வாங்கணும். டென்னிசை நான் அப்படித்தான் படிச்சேன், மண்டையால.

அந்த பங்களா ரேடியோவுலயும், பெறகு ஊர் வாசகசாலைப் பேப்பர்லயும் கிருஷ்ணன் பேரு வரும். 1960-ல விம்பிள்டன் அரை இறுதி. மறு வருசம், 1961-ல, ராய் எமர்சனை நேர் செட்டுல, 6-1, 6-4, 6-4-ன்னு சுருட்டி வச்சிட்டு மறுபடி அரை இறுதி. எமர்சன்னா யாரு? மொத்தம் 12 கிராண்ட் ஸ்லாம் ஒத்தையர் பட்டம் வாங்குன ஆளு. ஆனா அரை இறுதியோட நின்னுபோச்சு. மொத வருசம் நீல் ஃப்ரேசர் தோக்கடிச்சாரு, மறு வருசம் ராட் லேவர். ரெண்டு தடவையும் இவரைத் தோக்கடிச்ச ஆளுதான் கோப்பையத் தூக்குனது. ரெண்டு பேரும் இடது கைக்காரங்க. எங்க தொரை ஒருத்தரு, இடது கைக்காரன்னா நம்மாளுக்கு ஆகாதுன்னு சகுனம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. 1966-ல கல்கத்தா சவுத் கிளப்ல, பிரேசில் நாட்டு தாமஸ் கோச் வந்தான் பாரு, அவனும் இடது கைதான். டேவிஸ் கோப்பை, ரெண்டுக்கு ரெண்டுன்னு நிக்குது, கடைசி ஆட்டம். கோச் ரெண்டு செட்டு எடுத்துட்டான், நாலாவது செட்டுல 5-2 முன்னாடி நிக்கிறான். அங்கருந்து கிருஷ்ணன் திருப்புனாரு. இந்தியா மொத மொதலா டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனது அன்னைக்குத்தான். தொரை பெறகு சகுனம் பேசல.

மெல்போர்ன்ல ஆஸ்திரேலியாட்ட 4-1-ன்னு தோத்தோம். அந்த ஒண்ணு எது தெரியுமா? ரெட்டையர் ஆட்டத்துல கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேந்து நியூகோம்ப், ரோச் ஜோடியத் தோக்கடிச்சது. அந்த ஜோடி அதுக்கு முந்தின வருசந்தான் விம்பிள்டன் வாங்கியிருந்துச்சு.

இதுல ஒங்கப்பன் காதுல விழாமச் சொல்ல வேண்டிய சங்கதி ஒண்ணு இருக்கு. 1959-ல ஜாக் கிரேமர்ங்கிற அமெரிக்கக்காரரு வந்து, எங்கூடத் தொழில்முறையா ஆட வா, மூணு வருசத்துக்கு ஒன்றரை லட்சம் டாலர்னாரு. அப்பச் சட்டம் என்னன்னா, காசுக்கு ஆடப் போயிட்டா விம்பிள்டனும் கெடையாது, நாட்டுக்கு டேவிஸ் கோப்பையும் கெடையாது. 1968-லதான் விம்பிள்டன்ல அந்தத் தடை போச்சு. கிருஷ்ணன் வேணாம்னுட்டாரு. பின்னாடி மெட்ராஸ்ல கேஸ் ஏஜென்சி நடத்துனாரு. ஒன்றரை லட்சம் டாலரை வேணாம்னுட்டு சிலிண்டர் அனுப்புன மனுசனைப் பத்தி ஒங்கப்பன்ட்டச் சொன்னா, ஆஸ்பத்திரிச் செலவு நாமதான் பாக்கணும்.

இப்ப ஆட்டத்துக்கு வாரேன். அப்பனும் மகனும் ஒரே பாணி. ஓட்டப்பந்தயக்காரன் ஒடம்பு ரெண்டு பேருக்கும் கெடையாது. சர்வுன்னா அம்புட்டு மெதுவு. மகனோட ரெண்டாவது சர்வைப் பாத்துட்டு, எதிராளி தலையச் சீவிக்கிட்டு வந்து அடிக்கலாம்னு கேலி பேசுனாக. அதுவும் எந்தக் காலத்துல? மரமட்டை போயி கிராஃபைட் மட்டை வந்து, 17 வயசுல போரிஸ் பெக்கர் 1985-ல விம்பிள்டனை இடிச்சுத் தள்ளிக்கிட்டு வந்த காலத்துல. எல்லாப் பயலும் தோளை முறுக்கிக்கிட்டு நிக்கிறான். இவரு மட்டும் கோயில் பிரசாதம் வாங்க வந்தவரு கணக்கா அமைதியா நின்னு ஒலகத்துல 23-ஆவது எடம் வரைக்கும் போனாரு, 1985 சனவரியில. எட்டு ஒத்தையர் பட்டம். யு. எஸ். ஓப்பன் கால் இறுதி ரெண்டு தடவை, விம்பிள்டன் கால் இறுதி ஒரு தடவை.

எப்படி முடிஞ்சுச்சு? இங்கதான் கவனிக்கணும், ஃபோனைக் கீழ வை.

வேகம்ங்கிறது எதிராளி கொண்டு வர்ற சாமான்னு வச்சுக்க. அவன் கஷ்டப்பட்டுச் சொமந்துக்கிட்டு வாரான். ரமேசு அதை வாங்கித் தெசையை மட்டும் மாத்திவிட்டுருவாரு. பந்து தரையில பட்டு எந்திரிக்கிற நொடியிலயே, முழங்கால் ஒசரம் வர்றதுக்கு முந்தியே, மட்டையை வச்சுருவாரு. ஹாஃப் வாலின்னு பேரு. மத்த ஆட்டக்காரனுக்கு அது வேற வழியில்லாம, காலடியில பந்து விழுந்துட்டா தப்பிக்க அடிக்கிற அடி. இந்தக் குடும்பத்துக்கு அதுதான் ஆயுதம். அதுல என்ன லாபம்னா, எதிராளி பழைய எடத்துக்குத் திரும்புறதுக்குள்ள பந்து அவனைத் தாண்டியிருக்கும். எதிராளியோட நேரத்தைத் திருடுறதுக்கு ரெண்டு வழிடா. வேகமா அடிச்சுத் திருடலாம், அதுக்குத் தோள் வேணும். சீக்கிரமா அடிச்சுத் திருடலாம், அதுக்குக் கண்ணு வேணும். ஒன்ட்ட ரெண்டும் இருக்கு, ஆனா ஒண்ணு மேகத்தைப் பாக்குது, இன்னொண்ணு கண்ணாடியைப் பாக்குது.

பந்து தட்டையாப் போகும், தாழ்வாப் போகும். புல்தரையில அது எந்திரிக்கவே எந்திரிக்காது; ஆறடி ஒசரத்துக்காரன் குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு ஒடிஞ்சு போவான். மெதுவான சர்வுலயும் ஒரு சூது உண்டு. வேகமா வர்ற பந்தைத் திருப்ப மட்டையைக் காட்டுனாப் போதும். மெதுவா வர்றதுக்கு வேகத்தை நீதான் போடணும். போட அவசரப்படும்போது பாதிப் பேரு தப்புப் பண்ணிருவான்.

மலைக்குக் காய் எடுக்கப் போற ஒங்க அப்பத்தாவைப் பாத்திருக்கியா? ஏலச் செடியில சரம் தரையோட கெடக்கும். ஒரே சரத்துல முத்துனதும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், பூவும் இருக்கும். முத்துனதை மட்டும் வெரலால தொட்டு எடுக்கணும். பலமிருக்குன்னு இழுத்தா சரமே கையோட வந்துரும், அடுத்த எடுப்புக்கு அந்தச் செடியில ஒண்ணும் இருக்காது. ஜீப்புல விடியக்காலம் ஏறிப்போற பொம்பளைகள்ல எவளும் ஜிம்முக்குப் போனவ இல்ல. ஆனா அந்த வெரலுக்குக் கூலி உண்டு. கிருஷ்ணன் குடும்பத்து வெரல் அந்த வெரல்.

இதைச் சொன்ன ஒடனே ஒரு கூட்டம் கெளம்பும், எனக்குத் தெரியும். "ஆகா, கலை! மென்மை! இப்ப ஆடுறதெல்லாம் ஆட்டமா?"ன்னு கண்ணைத் தொடைக்கிற என் வயசுக் கெழடுக. அதுகட்டயும் ஏமாந்துறாத. ரமேசோட சர்வ் ஓட்டை. ஓட்டையை ஓட்டைன்னுதான் சொல்லணும், சாளரம்னு சொல்லக் கூடாது. 1986 விம்பிள்டன் கால் இறுதியில யாருட்டத் தோத்தாரு? ஸ்லோபோதான் ஷிவோயினோவிச்சுன்னு ஒரு யுகோஸ்லாவியாக்காரன். அவன் பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவன் சர்வ் நம்மளைத் தாண்டிப் போயிரும். வர்ற வேகத்தை வாங்கித் திருப்பலாம்தான், பந்து மட்டைக்கு எட்டுனாத்தான? 1981 யு. எஸ். ஓப்பன்ல மெக்கன்ரோட்ட ஒரு செட்டைப் பிடுங்கிட்டாரு, இருவது வயசுல. ஆனா ஆட்டம் மெக்கன்ரோவுக்கு, கோப்பையும் அவருக்குத்தான். சர்வை வச்சு நாலு பாயிண்டு சும்மா வாங்கத் தெரியாதவன் ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஒழைக்கணும். அஞ்சு செட்டு ஆட்டத்துல அது பெரிய கடன்.

கடன் இருந்தும் குடித்தனம் பண்ணுனாரு, அதைத்தான் பாக்கச் சொல்றேன். 1987, சிட்னி. டேவிஸ் கோப்பை அரை இறுதி, ஆஸ்திரேலியாக்காரன் ஊரு, அவன் புல்லு. மொத ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டை நாலு செட்டுல தோக்கடிச்சாரு. 2-2-ன்னு ஆயி, கடைசி ஆட்டத்துல வாலி மசூர். அந்த வருசத் தொடக்கத்துல ஆஸ்திரேலிய ஓப்பன்ல பெக்கரையே ஊருக்கு அனுப்பி வச்ச ஆளு அவன். அவனை நேர் செட்டுல முடிச்சாரு ரமேசு. இந்தியா இறுதிக்குப் போச்சு. அங்க ஸ்வீடன் 5-0-ன்னு அடிச்சுத் தொவைச்சிருச்சு, அதையும் சொல்லிர்றேன், மறைச்சா ஒன் ஃபோன் காட்டிக் குடுத்துரும்.

அந்த ஸ்வீடன் அணியில இருந்தவருதான் மாட்ஸ் வில்லாண்டர். 1988-ல நாலு பெரிய பட்டத்துல மூணு அவருக்கு. ஒலகத்துல மொத எடம். 1989 சனவரியில மெல்போர்ன்ல, போன வருசப் பட்டக்காரர்ங்கிற தோரணையோட ரெண்டாவது சுத்துக்கு வாரார். எதுக்க நம்ம ரமேசு. 6-3, 6-2, 7-6. பேப்பர்ல அந்த எண்ணை நான் ரெண்டு தடவை வாசிச்சேன், அச்சுப்பிழையோன்னு. வில்லாண்டர் பின்னால நின்னு, பந்தைத் திருப்பித் திருப்பிப் போட்டு எதிராளியக் களைக்க வைக்கிற ஆளு. களைக்கிறதுக்கு எதிராளி மொதல்ல ஓடணும்ல? இவரு ஓடவே இல்ல, முன்னால நின்னு பந்தைத் தரையிலருந்தே எடுத்து எடுத்து மூலையில வச்சாரு. யாரை வச்சு யாருக்குக் களைப்பு வந்துச்சுன்னு வில்லாண்டருக்கு வெளங்கும்போது ஆட்டம் முடிஞ்சிருச்சு.

"அதெல்லாம் அந்தக் காலம் தாத்தா, இப்ப மட்டை வேற, நரம்பு வேற, மணிக்கு 220 கிலோமீட்டர்ல சர்வ் வருது"ங்கிற. சரிதான், நான் மறுக்கல. ரமேசை அப்படியே தூக்கி இன்னைக்கு எறக்குனா மொத சுத்துல சிரமந்தான். ஆனா தைவான்ல ஷியே சூ-வேய்னு ஒரு பொம்பளைப்பிள்ளை. ரெண்டு பக்கமும் ரெண்டு கையால பிடிச்சு, வெட்டி, மெதுவா வச்சு, எதிராளி எதிர்பாக்கிற எடத்தைத் தவிர மத்த எல்லா எடத்துலயும் போடும். 2018 விம்பிள்டன்ல, ஒலக மொத எடத்துல இருந்த சிமோனா ஹாலெப்பை வெளிய அனுப்புச்சு. பிரான்சுல சான்டோரோன்னு ஒருத்தரு, அவருக்கும் ரெண்டு பக்கமும் ரெண்டு கை; கூட ஆடுனவனுகளே மந்திரவாதின்னு பேரு வச்சிருந்தாக. வேகம் கூடக்கூட, வேகத்துக்குப் பழகிப்போன பயலுக கூடுறான். மெதுவா ஒண்ணு வந்தா அவனுக்குக் கை கால் ஓடல.

அதனால ஒனக்கு ஒரு சோலி சொல்றேன், பிடிச்சாச் செய்யி. இந்த லீவு முடியிற வரைக்கும் சர்வ் போடாத. மாந்தோப்புக்காரனும் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும். களத்துச் சுவத்துக்கு அஞ்சாறு எட்டுத் தள்ளி நில்லு, இப்ப நிக்கிற மாதிரி தெருக்கோடியில போயி நிக்காத. பந்து தரையில பட்ட ஒடனே மட்டையை வை, வீசாத. வாயை மூடிக்க; கத்துற மூச்சு வயித்துல இருந்தாப் பசிக்காவது ஒதவும். சுவத்துல கரியால வட்டம் போட்டுத் தாறேன். அதுக்குள்ள தொடர்ந்து விழ ஆரம்பிச்ச பெறகு எனக்கு ஆள் அனுப்பு, வந்து பாக்கிறேன். அதுவரைக்கும் அந்த நெத்திப்பட்டையைக் கழட்டி அப்பத்தாட்டக் குடு, அடுப்புல பாத்திரம் எறக்கத் துணி தேடிக்கிட்டிருக்கா.

ஒங்கப்பன் ஒன்னை பெரிய அகாடமியில சேக்கணும்னு மதுரைக்கும் கோயமுத்தூருக்கும் விசாரிச்சுக்கிட்டிருக்கான். சேக்கட்டும், காசு அவன் காசு. அங்க போனா மொத நாளே சொல்லுவாக, "தம்பி சர்வை எறக்கி அடி, ஒடம்பை ஏத்து"ன்னு. தப்பில்ல, கேட்டுக்க. அந்தக் கோச்சுட்ட ஒண்ணே ஒண்ணு மட்டும் பணிவாக் கேளு, "அண்ணே, பந்து எந்திரிக்கும்போதே எடுக்கிறதுக்கு எப்பச் சொல்லித் தருவீக?"ன்னு. அவரு மொகத்தைப் பாத்தா ஒனக்கே தெரிஞ்சிரும், ஃபீஸ் கட்டலாமா வேணாமான்னு.

கணக்கு ஒண்ணு இருக்கு, ஃபோன்ல நீயே தட்டிப் பாத்துக்க. ரமேசு 1993-ல மட்டையைக் கீழ வச்சாரு. அதுக்குப் பெறகு இந்தியாவுலருந்து வந்த ஆம்பளை ஆட்டக்காரங்க எல்லாருமே அவரை விடப் பலமாத்தான் சர்வ் போட்டாக. ஒத்தையர் ஆட்டத்துல லியாண்டர் பயஸ் போன ஒசந்த எடம் 73. சோம்தேவ் தேவ்வர்மன் 62. சுமித் நாகல் 68. அந்த 23-ஐ இன்னும் எவனும் தொடல.